இணையத்திலும் வரம்பு வெட்டுகிறார்கள்

வேளாண்மை செய்தவர்களுக்கு வரம்பு வெட்டு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு போகத்தில் அரை முழம், அடுத்த போகத்தில் இன்னொரு அரை முழம் என்று பக்கத்துக் காணிக்காரர் மண்வெட்டியால் வரம்பைச் சீவிக்கொண்டே வருவார். பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும்போது யாருக்கும் தெரியாது. அறுவடைக்குப் பின் வட்டவிதானையார் வந்து அளந்து பார்க்கும்போதுதான் எமது காணி குறைந்திருப்பது தெரியும். இந்தப் பாடத்தில் நாம் படிக்கப் போவது இதைப் போன்ற ஒரு களவைப் பற்றித்தான். இது நடப்பது வட்டையில் அல்ல, எமது கைத்தொலைபேசியின் சின்னத் திரையில்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கங்களில் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்கள் இன்று பல காரியங்களைப் போனிலேயே பார்க்கிறார்கள். அஸ்வெசும விபரம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, வங்கிக் கணக்கின் மீதி, வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. காணி அனுமதிப்பத்திரத்தைக் கலவரத்திலோ கடலிலோ வெள்ளத்திலோ தொலைத்துவிட்ட ஒரு குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது தேசிய அடையாள அட்டை இலக்கமும் வங்கிப் புத்தகமும்தான். வர வேண்டிய நட்டஈடும் கொடுப்பனவும் அந்த இரண்டின் வழியாகத்தான் வந்து சேரவேண்டும். கள்ளன் குறிவைப்பதும் அந்த இரண்டையே.

பக்கம் வேறு, உலாவி வேறு

இணையத்தைப் பார்ப்பதற்கு எமது போனில் உள்ள செயலியை உலாவி என்கிறோம். குறோம், பயர்பொக்ஸ், சபாரி என்பன உலாவிகளே. உலாவியைத் திறந்தால் மேலே ஒரு மெல்லிய பட்டை இருக்கும். நாம் எந்தத் தளத்தில் நிற்கிறோம் என்ற முகவரி அதில் தெரியும். (சில போன்களில் இந்தப் பட்டை கீழே இருக்கும். அதனால் வேறுபாடு எதுவுமில்லை.) அந்தப் பட்டை உலாவிக்குச் சொந்தம். அதற்கு வெளியே, பக்கத்தில் தெரிவதெல்லாம் அந்தத் தளத்தை நடத்துபவருக்குச் சொந்தம்.

இந்த ஒரு வரம்பை விளங்கிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. வரம்புக்கு உள்ளே தளக்காரர் எதை வேண்டுமானாலும் வரையலாம். மக்கள் வங்கியின் இலச்சினையையும் அரச இலச்சினையையும் வரையலாம், பச்சை நிறப் பூட்டை வரையலாம், ‘இந்தத் தளம் பாதுகாப்பானது’ என்றும் எழுதிவைக்கலாம். படம் என்பது படமே; அதை யாரும் பிரதி எடுக்கலாம். வரம்புக்கு வெளியே உள்ள பட்டையை மட்டும் தளக்காரர் தொடக் கூடாது. உலாவியைச் செய்யும் நிறுவனங்களின் கடமை அந்த வரம்பைக் காப்பது. எமது வட்டையில் வட்டவிதானையாருக்கு உள்ள வேலை இங்கே அவர்களுக்கு.

அவர்கள் அதைச் சரியாகக் காத்தார்களா? பல தடவை காக்கவில்லை. அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். ஏனென்றால் ஏமாந்தவரைப் பார்த்து ‘படிக்காதவர், கவனமில்லாதவர்’ என்று பேசுகிற பழக்கம் எம்மிடையே இருக்கிறது. அது நியாயமில்லை.

வரம்பு உடைந்த இடங்கள்

அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர் நால்வர் 1997இலேயே எச்சரிக்கை செய்தார்கள். ஒரு தளத்தைத் திறந்தவுடன் அது உலாவியின் உண்மையான முகவரிப் பட்டையை மறைத்து, அந்த இடத்தில் தானே வரைந்த பொய்ப் பட்டையை வைக்க முடியும் என்று அவர்கள் விளக்கினார்கள். அப்போது எமது ஊர்களில் தொலைபேசி இணைப்புக் கிடைப்பதே அரிது. இணையத்தைக் கண்டவர் மிகச் சிலர்.

2003 டிசம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இன்ரநெற் எக்ஸ்புளோறர் உலாவியில் ஒரு பிழை வெளிப்பட்டது. உலகில் பெரும்பாலானோர் அன்று அதைத்தான் பாவித்தார்கள். முகவரிக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் செருகிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள பகுதியைப் பட்டை காட்டாது. முன்னால் எழுதியிருக்கும் வங்கியின் பெயர் மட்டும் தெரியும். போய் நிற்பதோ கள்ளனின் தளத்தில். பட்டையைக் கவனமாகப் படித்தவர்களும் இதில் ஏமாந்திருப்பார்கள். திருத்தம் வந்தது 2004 பெப்ரவரி 2ஆம் திகதி. அதே ஆண்டு யூலையில் பயர்பொக்ஸிலும் ஒரு குறை தெரியவந்தது. உலாவியின் சொந்தப் பொத்தான்கள் எந்த மொழியில் எழுதப்பட்டனவோ அதே மொழியில் ஒரு தளமும் எழுதி, முழு உலாவியையே பிரதி எடுத்துக் காட்ட முடிந்தது.

அடுத்தது எழுத்து மாறாட்டம். ஆங்கிலச் சின்ன ‘ஏ’ எழுத்தைப் போலவே ரஷ்ய மொழியிலும் ஓர் எழுத்து உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணனிக்கு வேறு வேறு. 2005 பெப்ரவரியில் அமெரிக்காவில் நடந்த ஒரு மாநாட்டில், பேபால் என்ற பணம் அனுப்பும் நிறுவனத்தின் பெயரில் அந்த ரஷ்ய எழுத்தைச் செருகிப் போலி முகவரி ஒன்றைச் செய்து காட்டினார்கள். புதிய உலாவிகள் எல்லாம் ஏமாந்தன. பிற மொழி எழுத்துகளை முகவரியில் காட்டத் தெரியாத பழைய இன்ரநெற் எக்ஸ்புளோறர்தான் தப்பியது. 2017 ஏப்ரலில் ஓர் ஆய்வாளர் அப்பிள் நிறுவனத்தின் பெயர் முழுவதையும் ரஷ்ய எழுத்துகளாலேயே எழுதிக் காட்டினார். குறோம் அதன் 58ஆம் பதிப்பில் அதைத் தடுத்தது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் வரும் நோய் என்று எண்ண வேண்டாம். 2010ஆம் ஆண்டு முதல் எமது நாட்டுக்கு ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரி இருக்கிறது. அது பெருமைக்குரியதுதான். ஆனால் தமிழிலும் ஒத்த முகமுடைய எழுத்துகள் உண்டு. ‘ஔவை’ என்ற பெயரை ‘ஔ’ என்ற ஓரெழுத்தால் எழுதலாம். ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் வைத்து ‘ஒளவை’ என்றும் தட்டச்சுச் செய்யலாம். பள்ளிப் பிள்ளைகள் பலர் இரண்டாவது விதமாகத்தான் செய்கிறார்கள். கணனிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். பழைய தமிழ் இலக்கங்களையும் பாருங்கள். ஒன்றைக் குறிக்கும் ‘௧’ எமது ‘க’ போல இருக்கிறது. இரண்டைக் குறிக்கும் ‘௨’ எமது ‘உ’ போலவும், ஏழைக் குறிக்கும் ‘௭’ எமது ‘எ’ போலவும், எட்டைக் குறிக்கும் ‘௮’ எமது ‘அ’ போலவும் இருக்கின்றன. நெற்பயிரோடு நெற்பயிராக நின்று கதிர் விடும்போதுதான் தன் குணத்தைக் காட்டும் களையைப் போன்றவை இவை. ஒரு முகவரியில் இரண்டு மொழி எழுத்துகள் கலந்திருந்தால் இன்றைய உலாவிகள் அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் புரியாத எழுத்து வரிசையாக மாற்றிக் காட்டும். அப்படிக் கண்டால் அவ்விடத்திலேயே நிற்க வேண்டும்.

கைத்தொலைபேசி வந்தபின் வரம்பு இன்னும் மெலிந்துவிட்டது. திரை சிறியது என்பதால், பக்கத்தைக் கீழே தள்ளிப் படிக்கும்போது குறோம் தன் முகவரிப் பட்டையை மறைத்துவிடும். 2019 ஏப்ரலில் ஜேம்ஸ் பிஷர் என்ற மென்பொருளாளர் இதைப் பயன்படுத்தி ஒரு மாதிரி செய்து காட்டினார். உண்மைப் பட்டை மறைந்த அந்தக் கணத்தில் பக்கம் தானே ஒரு பொய்ப் பட்டையை அதே இடத்தில் வரைந்துவிடும். மறுபடி மேலே தள்ளினாலும் உண்மைப் பட்டை திரும்பி வராதபடி தடுக்கவும் அவரால் முடிந்தது. எமது கருத்தில், இது பாவனையாளரின் பிழையே அல்ல. பக்கத்துக்கு இன்னும் இரண்டு விரற்கடை இடம் கொடுப்பதற்காக வட்டவிதானையார் தாமே வரம்பைத் தட்டிவிட்டது போன்ற காரியம்.

2022 மார்ச்சில் இன்னொரு தந்திரம் விளக்கிக் காட்டப்பட்டது. பல தளங்களில் ‘கூகிள் கணக்கால் நுழைக’, ‘பேஸ்புக் கணக்கால் நுழைக’ என்று ஒரு பொத்தான் இருக்கும். கணனியில் அதை அழுத்தினால் சிறிய யன்னல் ஒன்று திறக்கும். கள்ளன் அந்தச் சிறிய யன்னலையே, அதன் முகவரிப் பட்டையோடும் பூட்டோடும் சேர்த்து, பக்கத்துக்குள் படமாக வரைந்துவிடுகிறான். முகவரியை வாசித்தால் ‘கூகிள்’ என்றே இருக்கும். இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. அந்தச் சிறிய யன்னலைப் பிடித்து உலாவியின் விளிம்புக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மை யன்னல் வெளியே வரும். வரைந்த யன்னலால் வரம்பைத் தாண்ட முடியாது. விளிம்பில் வெட்டுப்பட்டு நின்றுவிடும்.

எமது கரைக்கு அனுப்பப்பட்ட பணம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் எமது கரையில் நடந்ததை நாம் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை, 10,000க்கு மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். அதன்பின் உலகெங்கும் மக்கள் இணையத்தின் வழியாக உதவிப் பணம் அனுப்பினார்கள். அதே நாட்களில் உதவி நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்களும் முளைத்தன. 2005 ஜனவரியில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. இதைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

அந்த வாரத்தில் லண்டனில் நடந்த ஒரு சம்பவம் எமது பாடத்துக்கு மிகவும் பொருத்தமானது. கணனிப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ஒருவர், 28 வயதுடையவர், 2004 டிசம்பர் 31ஆம் திகதி பிரித்தானியாவின் பேரிடர் அவசரக் குழுவின் தளத்தில் சுனாமி நிதிக்காக 30 பவுண் கொடுத்தார். கொடுத்த பின் நன்றிப் பக்கமோ உறுதிப்படுத்தலோ வரவில்லை. போலித் தளத்தில் தன் அட்டை விபரத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று அவருக்குப் பயம் பிடித்தது. தளத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காக முகவரியில் சில குறிகளைத் தட்டினார். அங்கே எச்சரிக்கை மணி அடித்தது, பொலிசார் வந்தார்கள். தளம் உண்மையானதுதான். 2005 ஒக்டோபரில் அந்நாட்டின் கணனித் துஷ்பிரயோகச் சட்டத்தின் கீழ் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு, 400 பவுண் தண்டமும் 600 பவுண் செலவும் கட்டினார்.

அவர் அனுமதியில்லாமல் சோதித்தது சரியா பிழையா என்று வாதிடலாம். நாம் இங்கே கவனிப்பது வேறு. இந்தத் தொழிலிலேயே இருப்பவர் ஒருவர், ஒரு பக்கத்தைப் பார்த்து அது உண்மையா பொய்யா என்று சொல்ல முடியாமல் நின்றார். பார்வையால் மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. 2006இல் அமெரிக்காவில் 22 பேருக்கு உண்மைத் தளங்களையும் போலித் தளங்களையும் காட்டிச் சோதித்தார்கள். இவற்றில் போலி எது என்று தேடிப் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியுமிருந்தார்கள். அப்படியிருந்தும் மிகத் திறமாகச் செய்யப்பட்ட போலி வங்கித் தளம் 90 வீதமானோரை ஏமாற்றிவிட்டது. அதன் முகவரியில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்துக்குப் பதிலாக இரண்டு ‘வீ’ எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவ்வளவுதான் வேறுபாடு.

பூட்டு எதைக் காட்டுகிறது?

‘பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை’ என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார்கள். அது அரை உண்மை. நாம் அனுப்புவதை வழியில் நிற்பவர் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டுக் காட்டுகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. கள்ளனும் தன் வீட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடலாமே! இப்போது அந்தச் சான்றிதழை இலவசமாகவே பெறலாம். 2021இல் கூகிள் செய்த ஓர் ஆய்வில் பூட்டின் பொருளைச் சரியாகச் சொன்னவர்கள் 11 வீதம் மட்டுமே. அதனால் 2023 செப்டெம்பரில் குறோம் தன் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டது.

முகவரி சரியாக இருந்தும் தவறான இடத்துக்குப் போன சந்தர்ப்பமும் எமது நாட்டில் உண்டு. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி காலையில் ‘எல்.கே.’ என்று முடியும் சில முகவரிகளை, கூகிளின் இலங்கைத் தளம் உட்பட, தட்டியவர்கள் வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். பெயர்ப் பதிவேட்டில் யாரோ கைவைத்திருந்தார்கள். இது அரிதாக நடப்பது. ஆனாலும் பட்டையே வேதவாக்கல்ல என்பதை நினைவில் வைக்க உதவும்.

வலமிருந்து இடமாக வாசித்தல்

பட்டையை எப்படி வாசிப்பது? எமது வாசகர்களில் பலர் சிறுவயதில் மத்ரசாவில் வலமிருந்து இடமாக ஓதப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடி, அதற்கு முன்னால் உள்ள பகுதியை வலமிருந்து வாசித்து வாருங்கள். தபால் முகவரியிலும் கடைசியில் இருக்கும் ஊரும் நாடும்தானே கடிதம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

கற்பனையாக ஓர் உதாரணம். ‘அஞ்சல்.அரசு.இலங்கை’ என்பது உண்மையான முகவரி என்று வைத்துக்கொள்வோம். கள்ளன் ‘அஞ்சல்.அரசு.இலங்கை.பொதிகட்டணம்.கடை’ என்று ஒன்றைப் பதிவுசெய்கிறான். இடமிருந்து வாசிக்கும் கண் ‘அஞ்சல், அரசு, இலங்கை’ என்று கண்டு திருப்தியடைந்துவிடும். போனின் சின்னப் பட்டையில் மீதி தெரியாமலும் போகலாம். வலமிருந்து வாசித்தால் முதலில் அகப்படுவது ‘கடை’, அடுத்தது ‘பொதிகட்டணம்’. இந்த முகவரியின் சொந்தக்காரன் அவனே. அதற்கு இடப்புறம் உள்ளதெல்லாம் அவன் தன் விருப்பப்படி எழுதிக்கொண்டது. ஆங்கில எழுத்தில் ‘ஜீ, ஓ, வீ’, புள்ளி, ‘எல், கே’ என்று முடியும் முகவரிகள் அரச நிறுவனங்களுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. முடிகிறதா என்பதுதான் கேள்வி, நடுவில் வருகிறதா என்பதல்ல.

மேலே பொதிக் கட்டணம் என்று சும்மா எழுதவில்லை. அண்மைய ஆண்டுகளில் இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரில் பலருக்கும் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் பொதி வந்திருக்கிறது, விலாசம் குறைபாடு, சிறிய தொகையொன்றை அட்டையால் கட்டுங்கள் என்று இருக்கும். தொட்டால் திணைக்களத்தின் பக்கம் போலவே ஒரு பக்கம் திறக்கும். அது தன்னுடையதல்ல என்று திணைக்களமே எச்சரித்தது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் பொதி வருவது சாதாரணம், அதனால் நம்பிவிடுவார்கள். கட்டச் சொல்வது சிறிய தொகை. எடுப்பது அட்டையின் இலக்கம்.

சில வேளை வங்கியிலிருந்து வந்த ஓ.ரி.பி. இலக்கத்தையும் அந்தப் பக்கம் கேட்கும். நாம் போலிப் பக்கத்தில் தட்டும் அதே நேரத்தில் அவன் உண்மையான வங்கித் தளத்தில் எமது பெயரில் தட்டிக்கொண்டிருக்கிறான். வங்கி எமக்கு அனுப்பிய இலக்கத்தை நாமே அவன் கையில் கொடுக்கிறோம். ஆகவே ஓ.ரி.பி. வந்ததை வைத்து ‘உண்மைத் தளம்தான்’ என்று முடிவுகட்டக் கூடாது.

செய்யக் கூடியது

பிறர் அனுப்பிய இணைப்பின் வழியாக வங்கிக்கோ அரச அலுவலகத்துக்கோ போகாதிருப்பதுதான் முதல் பாதுகாப்பு. ‘சாச்சி, வெள்ள நட்டஈட்டுக்குப் பதியிறாங்களாம், இண்டைக்குத்தான் கடைசி நாள், கெதியா அமத்துங்க’ என்று மருமகளின் போனிலிருந்தே வட்ஸ்அப் வரலாம். அவள் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பாள். அவளுக்கும் யாரோ அனுப்பியதுதான். அந்த இணைப்பைத் தொடாமல், உலாவியை நீங்களே திறந்து, தெரிந்த முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். சரியான முகவரியைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ வங்கிக் கிளையிலோ கேட்டு, வங்கிப் புத்தகத்தின் உறையில் எழுதிவைப்பது நல்லது. ஒரு தரம் சரியாகப் போனபின் உலாவியில் அடையாளமிட்டு வைக்கலாம்.

கடவுச்சொல்லை உலாவியிலேயே சேமித்து வைப்பவர்களுக்கு இன்னொரு துணை உண்டு. உண்மைத் தளத்தில் உலாவி அதைத் தானாகவே நிரப்பும். ஒத்த முகமுடைய போலியில் நிரப்பாது. அது படத்தைப் பார்ப்பதில்லை, முகவரியின் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கிறது. வழக்கமாக நிரம்பும் இடம் வெறுமையாக இருந்தால் உங்கள் கையால் நிரப்பாதீர்கள். பலர் சேர்ந்து பாவிக்கும் போனிலும் கொமியூனிகேஷன் கடைக் கணனியிலும் மட்டும் இப்படிச் சேமிக்க வேண்டாம்.

உலாவியைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவித்தலைத் தள்ளிப்போடுவது எமது வழக்கம். டேற்றா செலவாகும் என்ற கவலை எமக்குத் தெரியும். ஆனால் 2003இலும் 2017இலும் உடைந்த வரம்புகள் கட்டப்பட்டது புதுப்பித்தலின் வழியாகத்தான். மாதத்தில் ஒரு தடவையாவது பிளே ஸ்ரோரில் போய்ப் புதுப்பியுங்கள். ஒரு பக்கத்துக்குள் தோன்றி ‘உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்துங்கள்’ என்று சொல்வதை அழுத்த வேண்டாம். அது வரம்புக்கு உள்ளே வரைந்தது.

விபரத்தைக் கொடுத்த பின்தான் சந்தேகம் வந்தது என்றால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு உடனே பேசி அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள். அதன்பின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். 2006இல் தொடங்கப்பட்ட இலங்கைக் கணனி அவசர உதவி அணியான ‘சேர்ட்’டுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் எமக்கும் உரியது. அடையாள அட்டை இலக்கத்தையும் கொடுத்திருந்தால், கொடுப்பனவு வரும் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

குழுவாகச் செய்து பார்க்க

சங்கக் கூட்டத்தில் நாலைந்து பேரின் போன்களை எடுத்து ஒரே தளத்தைத் திறவுங்கள். ஒவ்வொரு போனிலும் உலாவிக்குச் சொந்தமான பட்டை எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். பக்கத்தைக் கீழே தள்ளும்போது எந்தப் போனில் பட்டை மறைகிறது? பின்னர் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘க’வும் ‘௧’வும், ‘எ’யும் ‘௭’வும் போல இன்னும் எத்தனை சோடி எழுத்துகள் தமிழில் கிடைக்கும் என்று தேடி எழுதச் சொல்லுங்கள். ஒரு சோடியை இங்கேயே தந்துவிடுகிறோம்: பத்தைக் குறிக்கும் ‘௰’ எந்த எழுத்தைப் போல இருக்கிறது?